ஃபல்க்ரம்: தாங்குபுள்ளியா, பொறுதியா?

நெம்புகோல் எதில் ஊன்றித் திரும்புகிறதோ அந்த இடத்தை ஆங்கிலத்தில் ஃபல்க்ரம் என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது? தாங்குபுள்ளி, ஆதாரப்புள்ளி இரண்டுமே கடப்பாரைக்கு ஒத்துவரும். 150 செ.மீ. பாரையின் நுனியில் 140 கிலோ பாறை, நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளி அடியில் ஒரு கல், மறுமுனையில் கை. பத்து கிலோ அழுத்தம் போதும். அடிக்கல்லின் மேல் இறங்குவதோ 150 கிலோ. ஈரமண்ணில் பாறை எழாமல் கல் புதைந்துபோவது இதனால்தான். கல்லுக்கடியில் பலகை போட வேண்டும். இங்கே கல் தாங்கத்தான் செய்கிறது.

ஃபல்க்ரத்துக்கும் சுமைக்கும் நடுவே விசை கொடுக்கும் மூன்றாம் வகை நெம்புகோலில் கதை வேறு. முழங்கையை மடக்கி, ஃபல்க்ரமான மூட்டிலிருந்து 32 செ.மீ. தள்ளி 5 கிலோவை ஏந்துங்கள். மூட்டுக்கு 4 செ.மீ. அருகே தசை இழுப்பதாகக் கொண்டால், கையின் எடையை விட்டுவிட்டாலும் அது 40 கிலோ இழுக்க வேண்டும். மேற்கை எலும்பு முன்கையை 35 கிலோ அளவுக்குக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கிறது. இதைத் தாங்குவது என்று எப்படிச் சொல்வது?

சுழற்புள்ளி என்றால் வேறொரு சிக்கல். கீலில்லாத பழைய கதவு தன் குடுமியில், அதாவது மூலையில் நீட்டிய முளையில், சுழல்கிறது. குடுமி குழியை விட்டு நகராது. பாரைக்கு அடியில் உள்ள கல்லோ வெறுமனே தொட்டுக்கொண்டிருப்பது. பாரை சாயச்சாயத் தொடுமிடமும் நகரும், சில வேளை கல்லே வழுக்கிவிடும். இந்த இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது. குடுமியைப் பிவட்டுக்கு, அதாவது இடம் மாறாத சுழல்முனைக்கு, வைத்துக்கொள்ளலாம்.

ஞமன் என்ற பரிந்துரை அழகானது. புறநானூறு 6-இல் 'தெரிகோல் ஞமன்' வருகிறது. ஆனால் அது தராசின் சமநிலை காட்டும் நடுமுள். கோல் உட்கார்ந்து ஆடும் கத்திமுனை வேறு உறுப்பு.

என் தேர்வு, இலங்கைப் பாடநூல்களில் சுமை, எத்தனம் (நாம் கொடுக்கும் விசை) என்பவற்றோடு வழங்கும் பொறுதி. பொறுத்தல் என்றால் வரும் விசையை ஏற்று நிற்றல். அது மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் சரி. பொறுமை என்ற பொருளும் உண்டுதான், எந்திரவியலில் அது குழப்பாது. கூட்டுச்சொல்லுக்கும் இணங்கும்: பாரைக்குப் பொறுதிக்கல், தராசுக்குப் பொறுதிமுனை, பாக்குவெட்டிக்குப் பொறுதியாணி. கணக்கில் மட்டும் பொறுதிப்புள்ளி.

மற்றத் துறைகளுக்கு இதை இழுக்க வேண்டாம். இலத்தீனில் ஃபல்க்ரம் என்ற சொல் கட்டிலின் முட்டுக்கும் வழங்கியது. ஸ்டர்ஜன் போன்ற மீன்களின் துடுப்பு முன்விளிம்பில் வரிசையாக உள்ள செதில்களுக்கும் விலங்கியலார் அதையே வைத்திருக்கிறார்கள். அவற்றைத் துடுப்பு விளிம்புச் செதில் என்றே எழுதலாம்.