பிள்ளைகளுக்கான சமூகப் பணி: இரக்கம் மட்டும் போதுமா?

மும்பை மாட்டுங்காவிலிருந்து கேள்வி:
வணக்கம். வங்கியில் பணிபுரியும் நான், இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் தாராவியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வேலையை விட்டுவிட்டு, தியோனாரிலுள்ள டாடா சமூக அறிவியல் கழகத்தில் சமூகப் பணி முதுகலை படிக்க எண்ணுகிறேன். சமூகப் பணியாளர்களான உங்களை இப்பணிக்கு இழுத்தது எது?

சயானிலிருந்து மறுமொழி:
என் தந்தை திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவித் தோல் பட்டறையில் உழைத்தவர். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று ஒரு பள்ளி என்னைச் சேர்க்க மறுத்தபோது, ஒரு சமூகப் பணியாளர் அக்கா மூன்று நாள்கள் என் அம்மாவுடன் அலைந்து இடம் வாங்கித் தந்தார். அந்த நன்றிக்கடனே என்னை இங்கே கொண்டுவந்தது. வயதுச் சான்று இல்லாததைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாதென்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆயினும் அதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் உடன் போக வேண்டியிருக்கிறது.

செம்பூரிலிருந்து மறுமொழி:
எனக்கு இரக்கத்தைவிடக் கோபமே பெரிது. தாதர் நிலையத்தில், தமிழ் மட்டுமே தெரிந்த சிறுவன் ஒருவன் ஒற்றைச் செருப்பை மார்போடு அணைத்தபடி அமர்ந்திருந்தான். 1098 என்னும் குழந்தைகளுக்கான உதவி எண்ணை அழைத்தோம் (1996இல் இதே மும்பையில் தொடங்கிய சேவை அது). இப்படித் தனியே காணப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள், அதன் பாதுகாப்பு குறித்து முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுமுன் நிறுத்த வேண்டும். அன்று அவனுக்காகப் பேச எங்கள் தமிழ் தேவைப்பட்டது. வேலையை உடனே விடாதீர்கள். விண்ணப்பித்து, இடம் கிடைத்தபின் விடுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து:
மிக்க நன்றி. இந்த ஆண்டே விண்ணப்பிக்கிறேன்.