கென்சிங்டன் தொகுதியில் கண்டவை: அனுபவப் பகிர்வு

மாங்குளத்திலிருந்து:
இலண்டனில் அக்காவிடம் போயிருந்தபோது, செல்வந்தர் தொகுதி என்று பேர் பெற்ற கென்சிங்டன் நாடாளுமன்றத் தொகுதியைப் பார்க்கச் சென்றேன். மாளிகைகள் மறந்துவிட்டன, வோமர் வீதியோரத்தில் தனித்து நிற்கும், போத்தல் வடிவான பழைய சூளை மட்டும் மறக்கவில்லை. அப்பா வயற்களியில் கல் அறுத்துச் சூளை வைத்தவர் என்பதால், அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூளையைச் சூழ்ந்த பள்ளத்தில் செங்கல் சுட்டவர்களும் பன்றி வளர்த்தவர்களும் வாழ்ந்தார்கள். 1837இல் அருகிலுள்ள மேட்டில் திறக்கப்பட்ட குதிரைப் பந்தயத் திடல், அதே களிமண் ஓடுதரையைச் சேறாக்கியதால் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் பிறை வடிவ வீதிகளில் செல்வந்தர் வீடுகள் எழுந்தன.

நெடுங்கேணியிலிருந்து:
மாங்குளத்தார் அதனைச் செல்வந்தர் தொகுதி என்று எழுதியதை நான் ஏற்கவில்லை. அதன் வடபுறத்தில் துப்புரவு வேலை செய்தவன் நான். 2017 யூன் 14 அதிகாலையில் அங்கே கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். மறுநாள் ஒரு பெண், காணாமற்போனவரின் படத்தை வேலிக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். காற்று அதனைத் திருப்பத் திருப்ப, அவர் நேராக்கிக்கொண்டே இருந்தார். அந்த ஆண்டு மாசி மாதத்திலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்திருந்த எங்கள் அம்மாக்களை நினைத்து, அன்று என்னால் வேலைக்குப் போக முடியவில்லை.

வவுனியாவிலிருந்து:
நான் வாக்கெண்ணும் நிலையத்தில் பணியாற்றியவன். ஒருமுறை விருப்பு வாக்குகளை மீள எண்ணி முடித்தபோது விடிந்துவிட்டது. என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஆகவே, தீ விபத்துக்கு ஆறு நாள் முன்னர் நடந்த தேர்தலில், பலமுறை எண்ணிய பின்னர் தொழிற்கட்சி 20 வாக்குகளால் கென்சிங்டனை முதன்முறையாக வென்றது என்று படித்தபோது, எண்ணியவர்களையே நினைத்தேன்.

தம்பிமார் இருவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொகுதியைப் பற்றி வாதிடுமுன் அதன் எல்லையைப் பாருங்கள். 1974 வரை வடக்கும் தெற்கும் தனித்தனித் தொகுதிகள். வடக்குத் தொழிற்கட்சியிடமும் தெற்குப் பழமைவாதக் கட்சியிடமும் நெடுங்காலம் இருந்தன. பின்னர் கென்சிங்டன் என்ற ஒரே பெயரில் உருவான தொகுதி 1997இல் கலைந்து, 2010இல் மீண்டும் தோன்றி, 2024இல் பேஸ்வோட்டரோடு இணைந்தது. இடையில் 2019இல் பழமைவாதக் கட்சி 150 வாக்குகளால் அதனை மீட்டது. மேட்டாரும் பள்ளத்தாரும் ஒரே பெட்டியில் வாக்கிட்டதாலேயே வித்தியாசம் இவ்வளவு சுருங்கியது என்பது என் எண்ணம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த நம் வன்னித் தேர்தல் மாவட்டத்தை நடந்து பார்க்க முடியாது, கென்சிங்டனை முடியும். இனிச் செல்பவர் லற்றிமர் றோட் நிலையத்தில் இறங்கி, முதலில் கோபுரம் எரிந்த இடத்தையும் அடுத்துச் சூளையையும் பார்த்துவிட்டு, மேடேறித் தெற்கே நடக்கட்டும்.