‘ஐ ஹேட் ரிப்பேர்ட் மை லேப்டாப்’: பிழை எங்கே?

கேள்வி:
வணக்கம். மடிக்கணினியைக் கடையில் கொடுத்துச் சரிசெய்துவிட்டேன் என்று மேலாளருக்குத் தெரிவிப்பதற்காக, ‘ஐ ரிப்பேர்ட் மை லேப்டாப்’ என்று மின்னஞ்சலில் எழுதினேன். அவரோ, அந்த வேலையும் உங்களுக்குத் தெரியுமா என்று வியந்தார். பிறரைக் கொண்டு செய்வித்தால் ‘ஹேட்’ சேர்க்க வேண்டும் என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வரவே, ‘ஐ ஹேட் ரிப்பேர்ட் மை லேப்டாப்’ என்று திருத்தினேன். அதுவும் தவறு என்கிறார்கள். ‘ஹேட்’ இருக்கிறது, வினையின் மூன்றாம் வடிவமும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

பதில் 1:
சொற்கள் எல்லாம் சரி. அவை நிற்கும் வரிசைதான் பிழை. ‘ஐ ஹேட் மை லேப்டாப் ரிப்பேர்ட்’ என்று, சரிசெய்யப்பட்ட பொருள் நடுவில் வர வேண்டும். ‘ஹேட்’டும் ‘ரிப்பேர்ட்’டும் அடுத்தடுத்து நின்றால், வேறொரு நிகழ்ச்சிக்கு முன்பே நீங்களே சரிசெய்து முடித்திருந்தீர்கள் என்றாகிவிடும். தமிழில் சொற்களை இடம் மாற்றினாலும் வேற்றுமை உருபு பொருளைக் காப்பாற்றும்; ஆங்கிலத்தில் அந்தக் காவல் வேலையைப் பெரும்பாலும் வரிசையே பார்க்கிறது.

ஐயம் வந்தால் எதிர்மறையாக்கிப் பாருங்கள். செய்வித்தல் பொருளில் ‘ஹேவ்’ தானே முதன்மை வினை என்பதால் ‘ஐ டிட் நாட் ஹேவ் மை லேப்டாப் ரிப்பேர்ட்’ என்று ‘டிட்’ வந்து சேரும். மற்றதில் அது துணைவினை மட்டுமே. ஆகவே ‘ஐ ஹேட் நாட் ரிப்பேர்ட்’ என்றாகும். ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்பதில் பலரும் தடுமாறுவதற்கு, ‘கட்’ என்ற வினைக்கு மூன்று வடிவங்களும் ஒன்றாகவே இருப்பதும் ஒரு காரணம்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. ஆனால் ‘ஹி ஹேட் ஹிஸ் ஃபோன் ஸ்டோலன்’ என்ற தொடரும் இதே வரிசையில் இருக்கிறதே. அவரே ஆள் வைத்துத் திருடச் சொன்னார் என்றா கொள்வது?

பதில் 1:
இல்லை. ஒருவருக்கு நேர்ந்த இழப்பைச் சொல்லவும் இதே அமைப்பு பயன்படுகிறது; ஏற்பாடா இழப்பா என்பதைச் சூழல்தான் காட்டும். குழப்பம் வேண்டாமென்றால் ‘ஹிஸ் ஃபோன் வாஸ் ஸ்டோலன்’ போதும்.

பதில் 2:
ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தப் பிழைக்கு வேர் நம் பேச்சிலேயே இருக்கிறது. கொத்தனாரும் சித்தாளும் உழைத்திருக்க, ‘வீடு கட்டினேன்’ என்கிறோம். தையற்காரர் தைத்த சட்டையை ‘தீபாவளிக்குத் தைத்தேன்’ என்கிறோம். பழந்தமிழில் இதைப் பிரித்துச் சொன்னதும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராஜராஜன், ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்கிறான்; எடுத்த என்று சொல்லாமல் எடுப்பித்த என்று பிறவினையில் சொல்கிறான். அந்த ‘பி’க்கு ஆங்கிலத்தில் நிகராக நிற்பதுதான் இந்த ‘ஹேட்’. ஆயினும் ‘வி பில்ட் அ ஹவுஸ்’ என்று ஆங்கிலேயரும் சொல்வதுண்டு. வீட்டை யாரும் தனியாகக் கட்டுவதில்லை என்பது தெரிந்ததே. மடிக்கணினியைத் தானே பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் உங்கள் மேலாளருக்கு ஐயம் வந்தது.

கேட்டவர்:
சரிசெய்தவரையும் தொடரில் குறிப்பிட விரும்பினால்?

பதில் 2:
‘ஹேட்’டை அடுத்து அவரைக் குறிப்பிட்டால் மூன்றாம் வடிவம் வராது. ‘ஐ ஹேட் தி டெக்னீஷியன் ரிப்பேர் இட்’ என்று வினை முதல் வடிவில் நிற்கும். ‘ஹேட்’டுக்குப் பதில் ‘காட்’ போட்டால் மட்டும் நடுவில் ‘டு’ வேண்டும்: ‘ஐ காட் தி டெக்னீஷியன் டு ரிப்பேர் இட்’. இதில் கேட்டு இணங்கவைத்த சாயல் சற்றுக் கூடுதல், பேச்சுக்குப் பொருந்தும். மேலாளருக்கு எழுதும்போது ‘ஹேட்’டையே வைத்துக்கொள்ளுங்கள்.