தாத்தாவின் ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோவுக்கு அனுப்ப முடியுமா?

கஞ்சமலைப் பேரன்:
வணக்கம். எங்களுக்குச் சேலம் இளம்பிள்ளை பக்கம். தாத்தா சித்த வைத்தியர். அவருடைய சுவடிக்கட்டுகளும் மருந்துக் கணக்கு நோட்டுகளும் பரணில் கிடக்கின்றன, சில ஏடுகளைப் பூச்சி அரித்துவிட்டது. சென்னையில் இருக்கும் தமிழ் மருத்துவச் சுவடிகளுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததாகப் படித்தேன், நாமும் விண்ணப்பிக்கலாமா? பெரியப்பா ஒரே பிடியாக நிற்கிறார்: ஏடு வெளியே போனால் திரும்பி வராது, நம் மருந்துக்கு எவனாவது பேட்டன்ட் வாங்கிவிடுவான் என்கிறார்.

ஏட்டுக்காரி:
நீங்கள் படித்தது சரிதான். சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகள் 1997-லேயே யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறிவிட்டன, புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-இல். ஆனால் அது ஒரு பதிவேடு மட்டும்தான். யுனெஸ்கோ சுவடியை எடுத்துக்கொண்டும் போகாது, வீட்டுக்கு வந்து ஸ்கேன் எடுத்தும் தராது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாட்டிலிருந்து இரண்டு பரிந்துரைகள்தான் போகலாம் என்பதால் ஒரு வீட்டுக் கட்டுக்கு அங்கே இடம் கிடைப்பது கடினம்.

உங்களுக்குப் பொருந்துவது, அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்காக லண்டன் பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் நிதித் திட்டம். அசல் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்பது அதன் விதி, அதைப் பெரியப்பாவிடம் முதலில் சொல்லுங்கள். படம் எடுத்து ஒரு பிரதியை உள்நாட்டு நிறுவனத்தில் வைப்பார்கள், இன்னொன்று இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். ஒரே ஒரு வீட்டை வைத்துக் கேட்டால் எடுபடாது. கஞ்சமலையைச் சுற்றியுள்ள மற்ற வைத்தியர் வீடுகளிலும் கேட்டுப் பார்த்து, சேர்ந்து புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு எழுதுங்கள். அந்தத் திட்டத்தில் பல வேலைகளைச் செய்து அனுபவப்பட்டவர்கள் அவர்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:
தம்பி, உங்கள் பெரியப்பாவின் பயம் வெறும் பயம் இல்லை. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்தார்கள்! நம் அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களை எடுத்து முன்னால் வைத்த பிறகுதான் 1997-இல் அது ரத்தானது. எழுத்தில் இருந்ததைக் காட்ட முடிந்ததால் ஜெயித்தார்கள். பாரம்பரிய அறிவு மின்னூலகம் என்று இந்திய அரசு ஒன்றை உருவாக்கியதே இந்த மாதிரி வழக்குகளுக்காகத்தான், சித்த மருத்துவமும் அதில் உண்டு. பரணில் கிடக்கும் ஏட்டை யாரும் சான்றாகக் காட்ட முடியாது. வெளியிட வேண்டாம் என்று குடும்பம் நினைக்கும் பகுதி ஏதாவது இருந்தால் படம் எடுப்பதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஏற்காடு மழை:
நிதி வரும்வரை காத்திருக்காதீர்கள். எங்கள் எஸ்டேட்டின் பழைய கூலிப் பேரேடுகள் மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டன, பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வருகிறது, மூன்று தலைமுறையாக இந்த மலையில் காப்பி பறித்தவர்களின் பெயர்கள் வேறு எங்கும் இல்லை. அதனால் சொல்கிறேன், இப்போதே போனிலாவது படம் எடுங்கள். சுவடிக் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே கட்டைப் படம் எடுங்கள், அப்புறம் ஒவ்வொரு ஏட்டையும் இரண்டு பக்கமும், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. எந்தக் கட்டு, யார் எழுதியது, யாரிடமிருந்து வந்தது என்று தாத்தாவை அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள், அது இல்லாவிட்டால் நாளைக்கு வெறும் படம்தான் மிஞ்சும். செல்லோடேப், லேமினேஷன், வெயிலில் காய வைப்பது மூன்றும் கூடவே கூடாது.

பிரதியையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறு பிரதியே இல்லாத சுவடிகளும் போயின. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் சேவைகளே மாதக்கணக்கில் முடங்கின.

கஞ்சமலைப் பேரன்:
எல்லோருக்கும் நன்றி. மஞ்சள் விஷயத்தைச் சொன்னதும் பெரியப்பா படம் எடுக்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் ஏடு வீட்டுத் திண்ணையைத் தாண்டக் கூடாதாம். ஒன்றோடொன்று ஒட்டிய ஏடுகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிப் பிரிக்கலாமா?

ஏட்டுக்காரி:
வேண்டாம், ஒட்டியதை நீங்களாகப் பிரிக்காதீர்கள். புல் எண்ணெய் பழக்கத்தில் இருப்பதுதான், ஆனால் தேர்ந்த கைதான் அதைச் செய்ய வேண்டும். அந்தக் கட்டுகளைத் தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிரிந்திருப்பவற்றை முதலில் எடுங்கள். திண்ணை நல்ல இடம்தான், நேர் வெயில் படாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.