புதுப்பிப்பு: சர்வர் மேம்படுத்தியபின் நின்ற நூலக மென்பொருள் ஓடுகிறது

சர்வரில் பிஎச்பி (இணையதளங்களை இயக்கும் நிரல்மொழி) 5.6-ஐ 8-ஆக மாற்றியபின் எங்கள் ஊர் நூலகத்தின் பழைய பட்டியல் மென்பொருள் வெற்றுப் பக்கம் மட்டும் காட்டுகிறது, யாராவது உதவ முடியுமா என்று கேட்டிருந்தேன். நேரம் ஒதுக்கிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தரவுத்தளத்தோடு பேசும் பழைய மைசீக்வல் (mysql_) கட்டளைகளை அவற்றின் புதிய வடிவமான மைசீக்வல்ஐ-க்கு (mysqli_) மாற்றச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. அவை 2015-இல் வந்த பிஎச்பி 7.0-இலேயே நீக்கப்பட்டவை. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. புதிய கட்டளையின் அடைப்புக்குறிக்குள், தரவுத்தள இணைப்பைக் குறிக்கும் மாறி (variable) முதலில் வர வேண்டும்.

அப்புறம் எதிர்பாராத ஒன்று: பக்கம் திறந்தது, ஆனால் தமிழ் முழுக்கக் குப்பை எழுத்துகள். தமிழ் எழுத்துகளின் யூனிகோடு பைட்டுகள், ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறியாக்கம் கொண்ட தரவுத்தள நெடுவரிசையில் கிடந்தன. அதை நேரடியாக யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4, யூனிகோடு குறியாக்கம்) ஆக்காதீர்கள், குப்பை அப்படியே பதிந்துவிடும். முதலில் பிளாப் (BLOB, குறியாக்கம் பார்க்காமல் வெறும் பைட்டுகளாக வைக்கும் வகை), பிறகு யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றுங்கள்.

அதிலும் சில வரிகள் பிழை காட்டி நின்றன. தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 3 பைட். நெடுவரிசையின் 255 பைட் எல்லையில் நீண்ட குறிப்புகள் எழுத்தின் நடுவே என்றோ வெட்டுப்பட்டிருக்கின்றன. அந்தக் கடைசி அரைகுறை பைட்டுகளை நீக்கியதும் மாற்றம் முடிந்தது. வெட்டுப்பட்ட குறிப்புகளைப் புத்தகங்களைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்துவருகிறோம்.