பொருள்: ஆந்தை கக்கும் உருண்டைக்குச் சொல் வேண்டும்

அன்பர்களே,
எட்டாம் வகுப்புச் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கூகை இரையை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டி வெளியே தள்ளுகிறதே, அதற்கு முன்வரைவில் ‘ஆந்தை எச்சம்’ என்றிருக்கிறது. எச்சம் பின்வழியே வருவது, இது வாய்வழியே. ‘உமிழுருண்டை’ சரிப்படுமா?
— செ.

செ. ஐயா,
உமிழ்வது வாயில் இருப்பதை. இதுவோ இரைப்பையில் பல மணி நேரம் கிடந்து திரள்வது. வெளியேறும்வரை அடுத்த இரை உள்ளே போகாது. அடியிலிருந்து வருவதற்குக் ‘கக்கு’தான் பொருந்தும். உக்குறள் மெய்விட்டோட, அதாவது ‘கக்கு’வின் கடைசி உகரம் மறைய, ‘கக்குருண்டை’. இலக்கணத்துக்கும் குறையில்லை.
— மு.

எரிமலை தீயை உமிழ்கிறது என்கிறோம். அது வாயிலா இருந்தது? ஆனால் வகுப்பில் உரக்கப் படித்தால் ‘உமியுருண்டை’ என்றே காதில் விழும். உள்ளே போனது கவளம், திரும்பி வந்தது ‘மறுகவளம்’ எனலாமே. கூகைக்கு உணவு படைப்பது நமக்குப் புதிதுமல்ல. நற்றிணை 83இல், தலைவன் வரும் இரவில் குழறாதிருந்தால் நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருவதாகத் தோழி கூகையிடம் பேரம் பேசுகிறாள்.
— நா.

மறுகவளம் என்றால் இரண்டாம் முறை பரிமாறியது போலிருக்கிறது. கக்கல் என்றால் பிள்ளைகள் வாந்தி என்று முகம் சுளிப்பார்கள். ஏற்கெனவே சாவுக்குருவி என்று பேர் வாங்கிய பறவை அது. உமிழுருண்டையே இருக்கட்டும்.

சொல்லைவிடச் செய்முறையைத் திருத்துவது அவசரம். உலர்ந்தபடியே பிட்டால் மண்டையோடு நொறுங்கும். வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, இடுக்கியால் மயிரைத்தான் விலக்கவேண்டும். எலும்பைப் பிடித்து இழுத்தால் பற்கள் கழன்றுவிடும். வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் எலி. இடைவெளியில்லாமல் கூர்ப்பற்கள் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. எத்தனை இரை என்றறிய இடப்பக்கக் கீழ்த்தாடைகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். இரு பக்கமும் எண்ணினால் ஓர் எலி இரண்டாகிவிடும். பருந்தின் உருண்டை இதற்கு உதவாது: அதன் இரைப்பை அமிலம் கடுமையானது, எலும்பு பெரும்பாலும் கரைந்துவிடும்.
— தா.

நன்றி. உமிழுருண்டைக்கு இருவர், கக்குருண்டைக்கு ஒருவர், மறுகவளத்துக்கு நா. மட்டும். நேரமில்லை, உமிழுருண்டையே அச்சேறுகிறது. முதலில் வரும் இடத்தில் ‘கூகை கக்கித் தள்ளும் உருண்டை’ என்று விளக்கம் சேர்க்கிறேன்.
— செ.

விளக்கத்தில் ‘கக்கி’ என்றுதானே எழுதவேண்டியிருக்கிறது! என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். கூடவே, 4ஆம் பக்கத்தில் இரைப்பையின் தசைப்பகுதிக்கு இட்டிருக்கும் ‘அரைவைப்பை’ என்ற சொல்லையும் பாருங்கள். ஆந்தைக்கு அங்கே எதுவும் அரைபடுவதில்லை. அரைபட்டால் மண்டையோடு முழுதாக எப்படி வரும்? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.
— மு.