போராட்டப் பந்தலில் விளக்கு ஏற்றலாமா?

கெடிலக்கரைப் பெண்:
கடலூர் முதுநகர்ப் பக்கம், எங்கள் தெருமுனையில் இருக்கும் மதுக்கடையை எடுக்கச் சொல்லிப் பதினோரு நாளாகப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறோம். பாதிப்பேர் மீன் விற்கும் பெண்கள். விற்று முடித்து மதியம் காலிக் கூடையோடு வருவார்கள். முந்தாநாள் குடித்துவிட்டு வந்த ஒருவன் எங்கள் சித்தி முகத்தில் துப்பிவிட்டான். பசங்க இரண்டு பேர் அவனை அடித்துவிட்டார்கள். இப்போது வழக்கு எங்கள் மேல். பதினோரு நாள் உட்கார்ந்தது யாருக்கும் தெரியாது, அந்த இரண்டு அடி ஊருக்கே தெரியும்.

மாதப் பூசம் தவறாமல் வடலூர் போகும் பெரியம்மா ஒருவர், தினமும் பந்தலில் விளக்கேற்றிப் பத்து நிமிஷம் அமைதியாக உட்காரலாம், அப்புறம் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றலாம் என்கிறார். பசங்க சிரிக்கிறார்கள். எனக்கும் அரை மனசுதான். ஆன்மிகம் இல்லாமல் அகிம்சை நிற்காதா?

உப்பளத்தான்:
நிற்கும். 1924-ல் வைக்கம் போராட்டத்தில் பெரியார் இரண்டு முறை சிறை போனார். அவரை யாரும் பக்திமான் என்று சொல்ல மாட்டார்கள். விளக்கு வந்தால் அடுத்து எந்தச் சாமிக்கு என்று கேள்வி வரும். உண்ணாவிரதம் என்று யாராவது ஆரம்பித்தாலும் யோசியுங்கள். 1932-ல் தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி கூடாது என்று எரவாடா சிறையில் காந்தி சாப்பிடாமல் இருந்தது, அதைக் கேட்டுப் போராடிய அம்பேத்கருக்கு எப்பேர்ப்பட்ட நெருக்கடி!

பழைய மில்காரன், முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
அம்மாடி, நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. மில்லில் 31 வருஷம், சிவப்புக் கொடி. ஆனாலும் உன் பெரியம்மா கட்சிதான்.

எண்பதுகளில் மில் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டிருந்தோம். ஒன்பதாம் நாள் அதிகாரி ஒருவர் கார் கண்ணாடியை இறக்கி, அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னார். என் கையில் கல் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. நெசவுப் பிரிவு அண்ணன் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தினமும் எங்கள் மோர்ப்பானையிலிருந்து எதிர்த்தரப்பு வாட்ச்மேனுக்கு ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர். கையாள் என்று அவரை நாங்கள் கேலி பேசியிருக்கிறோம். 1936 ஜூலை 30-ல் 12 தொழிலாளிகள் சுடப்பட்டுச் செத்த ஊர் இது. கல்லுக்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை முந்திக்கொண்டது. அவர் கை மோர் கொடுத்தே பழகியிருந்தது.

அமெரிக்காவில் ஜேம்ஸ் லாசன் என்ற பாதிரியார் இதைப் பாடமாகவே நடத்தினார். நாக்பூரில் சில வருஷம் இருந்து காந்தி வழியைப் படித்துவிட்டுப் போனவர். நாஷ்வில் ஊரில் மாணவர்களை உட்கார வைத்து, அவர்களில் சிலரையே வெள்ளைக்காரர்களாக நடிக்க விட்டு, திட்டச் சொன்னார், நாற்காலியிலிருந்து தள்ளச் சொன்னார். 1960 பிப்ரவரியில் கறுப்பர்களுக்குச் சாப்பாடு தராத கடைகளில் போய் உட்கார்ந்தபோது நிஜமாகவே அடி விழுந்தது. திருப்பி அடிக்கவில்லை. மே மாதம் ஆறு கடைகள் பரிமாறத் தொடங்கின. 1963-ல் அங்கேயே பர்மிங்ஹாம் ஊரில் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கம் தொண்டர்களிடம் கையெழுத்து வாங்கிய அட்டையில் தினசரி ஜெபமும் உண்டு. கை, நாக்கு, மனசு மூன்றிலும் வன்முறை கூடாது என்பதும் உண்டு. மனசு வரைக்கும் கேட்டிருக்கிறார்கள், பார்!

விளக்கு உறுத்தினால் விடு. கஞ்சியை விடாதே. வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது, அங்கே சாதி மதம் கேட்டுச் சோறு போடுவதில்லை. கடைப் பையனுக்கும் பந்தோபஸ்து போலீசுக்கும் ஒரு டம்ளர் கொடு. முடிந்தால் துப்பியவனுக்கும்.

தேவனாம்பட்டினம் அக்கா:
துப்பியவனுக்கா? சித்தியைக் கேட்டீர்களா ஐயா? பொறுத்துப்போகச் சொல்வது எப்போதும் பெண்களைத்தான். கஞ்சி ஊற்றுங்கள், அவன் மேல் புகாரும் கொடுங்கள். அகிம்சை அதைத் தடுக்கவில்லை.

கெடிலக்கரைப் பெண்:
புகார் கொடுத்தாச்சு அக்கா. விளக்கு இல்லை, அமைதி மட்டும்.

ஐயா சொன்ன பாடத்தையும் நேற்று ஆரம்பித்தோம். சித்தியே வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு, அன்றைக்கு அடித்த பையன் மூஞ்சியில் துப்பினார். இரண்டாவது தடவையே எழுந்துவிட்டான். பந்தலே சிரித்தது. நாளைக்கும் அவன்தான். கஞ்சிக்கு இதுவரை எட்டுக் கிலோ ரேஷன் அரிசி சேர்ந்திருக்கிறது, பாத்திரம்தான் சின்னது.